ஜேசன் ஒயிட்டின் முழங்கால்களையும் கணக்கில் எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறன்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில், கல்லூரி அளவில் கொடிகட்டிப் பறந்துவிட்டுத் தொழில்முறை ஆட்டத்தில் காணாமல் போன அமெரிக்கக் கால்பந்து வீரர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் ஜேசன் ஒயிட்டுக்கு அதில் மூன்று வரிகள் கிடைத்திருந்தன. கல்லூரி ஆட்டத்தின் மிகச்சிறந்த வீரருக்குத் தரப்படும் ஹைஸ்மன் கோப்பையை 2003-இல் வென்றார், 2005-இல் எந்தத் தொழில்முறை அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, தொழில்முறை அணிகளின் அமைப்பான என்.எஃப்.எல். நடத்தும் போட்டி ஒன்றில்கூட ஆடாமல் விலகினார் என்ற மூன்று செய்திகளும் சரியானவை. ஆனால் குடியாலும் கேளிக்கையாலும் சோம்பலாலும் தங்கள் வாய்ப்பைப் பாழடித்துக்கொண்டவர்களோடு அவரையும் ஒரே பட்டியலில் சேர்த்தது பெரும் அநீதி. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதம் சற்று நீளமானது, பொறுத்தருள வேண்டும்.

நான் ஓக்லஹோமா மாநிலத்தின் நார்மன் நகரில் வாழ்கிறேன். இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கிறேன். 1999-இல் கணவரின் ஆய்வுப் பணிக்காக இந்த ஊருக்கு வந்தோம். பக்கத்து ஊரான டட்டிலிலிருந்து ஜேசன் ஒயிட் இதே பல்கலைக்கழகத்தில் வந்து சேர்ந்ததும் அந்த ஆண்டில்தான். அவரை நான் நேரில் சந்தித்ததில்லை, அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் நான் ஒருத்தியும் அல்லள். ஊரறிந்த செய்திகளையும், நாள் முழுவதும் பிறர் முழங்கால்களைப் பிடித்துப் பார்ப்பதால் எனக்குத் தெரிந்தவற்றையும் மட்டுமே எழுதுகிறேன்.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். அணியின் ஒவ்வொரு தாக்குதலும் குவார்ட்டர்பேக்கின் கையில்தான் தொடங்குகிறது. பந்தை வாங்கியதும் அவர் சில அடிகள் பின்வாங்குவார். எதிரணியின் பாதுகாப்பு எப்படி நிற்கிறது என்று படித்துப் பார்த்து, ஓடிக்கொண்டிருக்கும் சக வீரருக்கு எறிவார். இதற்கெல்லாம் அவருக்குக் கிடைப்பது மூன்று விநாடி அளவே. அதற்குள் நூற்றிருபது, நூற்றிருபத்தைந்து கிலோ எடையுள்ள ஆட்கள் அவரைத் தரையில் வீழ்த்தப் பாய்ந்து வருவார்கள். பந்தை எறிவது கை என்று பார்ப்பவர்கள் நினைக்கலாம். எறிதலின் விசை காலிலிருந்துதான் பிறக்கிறது. வலக்கைக்காரர் வலக்காலால் தரையை உந்தி, இடக்காலை முன்னே ஊன்றி, இடுப்பைத் திருப்பி எறிகிறார். உந்துவதற்கு ஒரு முழங்கால் வேண்டும், ஊன்றுவதற்கு இன்னொன்று வேண்டும். ஒயிட் வலக்கைக்காரர்.

2001 அக்டோபர் 27 அன்று, நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் நடந்த ஆட்டத்தில், அவருடைய இடது முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுந்தது. கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்காமலும் அளவுக்கு மீறித் திரும்பாமலும் பிடித்து வைப்பது அந்தத் தசைநார்தான். அறுந்தால் அது தானாக ஒட்டாது. உடலின் வேறோரிடத்திலிருந்து, பெரும்பாலும் முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாணிலிருந்தோ தொடையின் பின்புறத்திலிருந்தோ, ஒரு பட்டையை எடுத்து எலும்பில் துளையிட்டுப் பொருத்துவார்கள். முதல் வாரங்களில் அந்தக் காலை முழுமையாக நீட்டுவதே ஒரு வேலை. பிறகு மடக்குவது, படியேறுவது, நேராக ஓடுவது, வளைந்து ஓடுவது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கற்க வேண்டும். களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும். இதற்கிடையில் தொடைத் தசை சூம்பிப் போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களின் முகத்தை நான் அறிவேன்.

அவர் திரும்பி வந்தார். அடுத்த பருவத்தின் இரண்டாவது ஆட்டத்தில், 2002 செப்டம்பரில் அலபாமாவுக்கு எதிராக, இந்த முறை வலது முழங்காலில் அதே தசைநார் அறுந்தது. மறுபடியும் அறுவை சிகிச்சை, மறுபடியும் முதலிலிருந்து நடை பழகுதல். ஒரு காலில் இந்தக் காயம் பட்டவர்களுக்கே அடுத்த ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானம் முன்கூட்டியே வர வாய்ப்பு அதிகம். இரண்டு காலிலும் பட்டு, அதன் பிறகும் எதிரே பாய்ந்து வருபவர்களுக்கு முன்னால் போய் நின்றார் என்றால், அவருக்குத் தன் திறமையைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லை என்று யாரால் சொல்ல முடியும்?

தங்கள் கட்டுரையில் இன்னொரு பெயரும் இருந்தது, எரிக் கிரௌச். லிங்கனில் ஒயிட்டின் முழங்கால் அறுந்த அதே ஆட்டத்தில் எதிரணியின் குவார்ட்டர்பேக் அவர்தான். சக வீரர் எறிந்த பந்தைத் தானே ஓடிப்போய்ப் பிடித்து அறுபத்து மூன்று கெஜம் கடந்து, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி அவர் எடுத்த டச்டவுன், அந்த ஆண்டு ஹைஸ்மன் கோப்பையை அவருக்குத் தேடித் தந்தது. கல்லூரி வீரர்களை என்.எஃப்.எல். அணிகள் ஆண்டுதோறும் வரிசையாக எடுத்துக்கொள்ளும் தேர்வில், 2002-இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி அவரை எடுத்தது. ஆனால் குவார்ட்டர்பேக்காக அல்ல, பந்தைப் பிடித்து ஓடுபவராக. காலில் அடிபட்டு, பருவம் தொடங்கும் முன்பே அவர் விலகிவிட்டார். அன்று ஒரே களத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு குவார்ட்டர்பேக்குகளும் ஹைஸ்மன் வென்றார்கள், இருவருமே என்.எஃப்.எல். பருவ ஆட்டம் ஒன்றில்கூட ஆடவில்லை. இருவரையும் ஒரே கட்டுரையில் கொண்டுவந்த தங்கள் நிருபர் இதைக் கவனித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

2003-க்கு வருகிறேன். இரண்டு முழங்கால்களிலும் தடித்த பட்டைகளோடு களமிறங்கினார் ஒயிட். முன்பு ஓடுவதிலும் வல்லவராக இருந்தவர் இப்போது ஓட முடியாதவர். பயிற்சியாளர் பாப் ஸ்டூப்ஸும் அவருடைய உதவியாளர்களும் ஆட்டத்தையே அவருக்கேற்ப அமைத்தார்கள். பந்தைப் பின்னுக்குத் தள்ளுபவரின் முதுகோடு ஒட்டி நிற்காமல், ஐந்து கெஜம் பின்னால் நின்று அதை வாங்கினார். இதனால் பின்வாங்கும் அடிகள் குறைந்தன, முழங்காலுக்கு வேலையும் குறைந்தது. அந்தப் பருவத்தில் அவர் எறிந்து எடுத்த டச்டவுன்கள் 40. எறிந்து கடந்த தூரம் 3,846 கெஜம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தை 65-13 என்றும், டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை 77-0 என்றும் வென்றார்கள். நார்மனில் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மைதானத்தை நிரப்புவார்கள். எங்கள் தெருவில் வண்டி நகராது. தெருவில் பார்க்கும் சிறுவர்களில் பாதிப் பேர் 18 என்ற எண் பொறித்த சட்டை அணிந்திருப்பார்கள், அது அவருடைய எண்.

கடைசி இரண்டு ஆட்டங்களில் தோற்றார்கள். கேன்சஸ் ஸ்டேட் அணியிடம் 35-7, பிறகு பருவ முடிவுச் சிறப்பு ஆட்டமான சுகர் பவுலில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக (எல்.எஸ்.யு.) அணியிடம் 21-14. அடுத்த ஆண்டு, காயத்தால் இழந்த பருவங்களுக்கு ஈடாகக் கிடைத்த ஆறாவது ஆண்டில், மேலும் 35 டச்டவுன்கள் எறிந்து அணியைத் தோல்வியின்றி ஆரஞ்சு பவுல் வரை கொண்டுபோனார். அங்கே தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக (யு.எஸ்.சி.) அணி 55-19 என்று நொறுக்கியது. அந்தத் தோல்விகளை மூடி மறைக்க வேண்டியதில்லை. குவார்ட்டர்பேக் மேட் லைனார்ட்டின் யு.எஸ்.சி. அன்று யாரையும் அடித்திருக்கும்.

இனி தொழில்முறைத் தேர்வு. 2005 ஏப்ரலில் ஏழு சுற்றுகளில் 255 பேரை 32 அணிகளும் எடுத்தன. அந்த 255 பேரில் ஒயிட் இல்லை. ஆனால் 230-ஆவதாக நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் எடுத்தது மேட் கேசலை. அவர் யு.எஸ்.சி.யில் லைனார்ட்டுக்குப் பின்னால் காத்திருந்தவர், கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்காதவர். கேசலைக் குறை சொல்லவில்லை, அவர் பிற்பாடு நன்றாகவே ஆடினார். 250-ஆவதாக வந்த ஹார்வர்டின் ரையன் ஃபிட்ஸ்பேட்ரிக் பதினேழு பருவங்கள் ஆடினார். அந்த இருவரிடமும் இருந்து ஒயிட்டிடம் இல்லாதது என்ன? பழுதில்லாத முழங்கால்கள். தேர்வுக்கு முன் இண்டியானாபொலிஸில் நடக்கும் பரிசோதனையில் அணி மருத்துவர்கள் ஒவ்வொரு மூட்டையும் இழுத்துப் பார்ப்பார்கள். ஹைஸ்மன் கோப்பை அந்த அறைக்குள் எதற்கும் உதவாது. முதுகோடு ஒட்டி நின்று பந்தை வாங்கி ஐந்து காலடியும் ஏழு காலடியும் பின்வாங்குவதே அன்றைய என்.எஃப்.எல். ஆட்டத்தின் அடிப்படை. அந்த அடிகளை வைக்க அவருடைய கால்கள் தயாராக இல்லை.

பிறகு டென்னஸி டைட்டன்ஸ் அணி அவரைத் தேர்வுக்கு வெளியே ஒப்பந்தம் செய்தது. அப்படி வருபவருக்கு, பருவம் தொடங்கும்போது 53 பேர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் சம்பளம். 2005-இல் புதிய வீரருக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2,30,000 டாலர். அதில் ஒரு வாரத்துப் பங்கைத் தொடும் நிலைக்குக்கூட அவர் போகவில்லை. முழங்கால்கள் தாங்கவில்லை என்று தானே சொல்லி விலகிக்கொண்டார். அவருடைய தொழில்முறை வாழ்க்கை அவ்வளவுதான். அவரை யாரும் துரத்தவில்லை. ஊதியம் வாங்கிக்கொண்டு அவர் யாரையும் ஏமாற்றவும் இல்லை. ஓய்வூதியத்துக்கு மூன்று பருவங்கள் கணக்கில் ஏற வேண்டும், அவருக்கு ஒன்றுகூட ஏறவில்லை.

ஐயா, என் வாதம் இதுதான். ஒயிட் உழைத்த காலம் 2005-இல் தொடங்கி 2005-இலேயே முடிந்ததாகத் தங்கள் கட்டுரை கணக்கிடுகிறது. 1999 முதல் 2004 வரையிலான ஆறு ஆண்டுகள்தான் அவருடைய தொழில் வாழ்க்கை. அந்த ஆண்டுகளில்தான் இரண்டு முழங்கால்களும் செலவாயின. மைதானம் நிறைந்தது, தொலைக்காட்சி நிறுவனங்கள் பணம் கொட்டின, 18 எண் சட்டை விற்றது. அன்றைய விதிகளின்படி வீரருக்குக் கிடைத்தது கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம், அவ்வளவே. தன் பெயரை வைத்து ஒரு விளம்பரத்தில் நடித்துச் சம்பாதித்தால்கூட ஆடும் தகுதியை இழக்க நேரிடும். மிச்சமிருந்த உடலோடு சம்பளம் தரும் கதவுக்கு வந்து நின்றபோது, உடல் தேய்ந்துவிட்டது என்று அந்தக் கதவு அவரைத் திருப்பி அனுப்பியது. கல்லூரிப் படிப்பு இலவசமாகக் கிடைத்ததே என்று கேட்பவர்கள் இங்கேயும் உண்டு. படிப்பின் மதிப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன், அதனால்தான் நாங்களும் இந்த நாட்டுக்கு வந்தோம். ஆனால் ஓர் ஆலைத் தொழிலாளியின் கால் இயந்திரத்தில் சிக்கினால் இழப்பீடு உண்டு. கல்லூரி ஆட்டக்காரருக்கு அது இல்லை.

இது என் கோபத்தில் வந்த வார்த்தை என்று நினைத்துவிட வேண்டாம். 1974-இல் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய கென்ட் வால்ட்ரெப், அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில் கழுத்தில் அடிபட்டு உடல் செயலிழந்தார். தொழிலாளர் இழப்பீடு கேட்டு அவர் நடத்திய வழக்கு 2000-ஆம் ஆண்டுவரை இழுத்தது. அவர் பல்கலைக்கழகத்தின் ஊழியர் அல்லர் என்று டெக்சஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒயிட்டின் முதல் முழங்கால் அறுந்தது அதற்கடுத்த ஆண்டு.

இதையும் பாருங்கள். 2008-இல் முதல் ஆட்டத்திலேயே பேட்ரியட்ஸின் டாம் பிரேடிக்கு இடது முழங்கால் அறுந்தது. அவர் இடத்தில் இறங்கியவர் அதே மேட் கேசல். பிரேடி அந்த ஆண்டு முழுவதும் சம்பளத்தோடு ஓய்வெடுத்துச் சிகிச்சை பெற்று, அடுத்த ஆண்டு திரும்பி வந்து, அதன் பிறகும் பதினான்கு பருவங்கள் ஆடினார். பிரேடியின் உழைப்பு பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால் அவருக்கு அடிபட்டபோது அவர் கையில் ஒப்பந்தம் இருந்தது. ஒயிட்டுக்கு இரண்டு முறை அடிபட்டபோதும் அப்படி எதுவும் இல்லை.

அவருக்குப் பின் ஓக்லஹோமாவிலிருந்து மூன்று குவார்ட்டர்பேக்குகள் ஹைஸ்மன் வென்றார்கள்: சாம் பிராட்ஃபோர்ட், பேக்கர் மேஃபீல்ட், கைலர் மரே. மூவரும் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டவர்கள். பிராட்ஃபோர்டுக்கும் கல்லூரியில் கடைசிப் பருவத்தில் காயம் பட்டது, ஆனால் அது தோளில், அறுவை சிகிச்சையோடு சரியாயிற்று. 2010-இல் அவர் செய்த ஒப்பந்தத்தில் உறுதி செய்யப்பட்ட தொகை மட்டும் 5 கோடி டாலர். மைதானத்தின் கிழக்கே இருக்கும் பூங்காவில் இவர்களோடு ஒயிட்டுக்கும் வெண்கலச் சிலை உண்டு. சிலை வைத்த ஊர் அவரை மறக்கவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

விதிகள் இப்போது மாறிவிட்டன. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் ஈட்டலாம். 2024 ஆகஸ்ட் முதல், ஆடும் தகுதிக் காலம் முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் வரை காயங்களுக்குக் காப்பீடு தருகிறது கல்லூரி விளையாட்டு அமைப்பு. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதலாண்டில் ஒரு பல்கலைக்கழகம் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை. கடந்த காலத்துக்கு ஈடாக ஏறத்தாழ 280 கோடி டாலர் தரவும் அந்தச் சமரசம் வகை செய்கிறது. ஆனால் அந்தப் பின்தொகை 2016 முதல் ஆடியவர்களுக்கு மட்டும். அதற்கு முன் ஆடியவர்களின் முழங்கால்களும் தோள்களும் கழுத்துகளும் அந்தச் சமரசக் கணக்கில் வரவில்லை. ஒயிட்டுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது கடந்துவிட்டது. இரண்டு முழங்கால்களிலும் இந்தக் காயம் பட்டவர்கள் மூட்டு மாற்று பற்றி மருத்துவரிடம் பேசத் தொடங்கும் வயது அது. அவருடைய இன்றைய உடல்நிலை எனக்குத் தெரியாது, அதைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன். ஆனால் அதே காலத்தில் வெவ்வேறு கல்லூரிகளில் ஆடி, யாருக்கும் பெயர் தெரியாமல் போன தடுப்பாட்டக்காரர்கள் எங்கள் சிகிச்சைக் கூடத்துக்கு வருகிறார்கள். நாற்காலியிலிருந்து எழ அவர்கள் இரண்டு கைகளையும் ஊன்றுகிறார்கள். மருத்துவச் செலவைத் தாங்களே கட்டுகிறார்கள்.

பள்ளியில் ஆடும் பையன்களும் வருகிறார்கள். தசைநார் அறுந்து வந்த பையனிடம் அவன் தந்தை முதலில் கேட்பது, அடுத்த பருவத்துக்குள் சரியாகிவிடுமா என்பதுதான். பையனின் பதில் பெரும்பாலும் அமைதி. ஒயிட்டைப் பற்றி அவர்களுக்கு நான் சொல்வதுண்டு. இரண்டு முறை எழுந்து வந்தவர் என்று சொல்வேன். எழுந்து வந்தபின் அவர் கால்கள் என்.எஃப்.எல். வரை தாங்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன். முதல் பாதியை மட்டும் சொன்னால் பையன் அவசரப்படுவான், இரண்டாவதை மட்டும் சொன்னால் மனம் உடைந்துவிடுவான்.

தங்களிடம் நான் கேட்பவை இரண்டு. அந்தக் கட்டுரையின் இணையப் பதிப்பில் ஜேசன் ஒயிட்டைப் பற்றிய பத்தியில் 2001, 2002 ஆண்டுகளின் இரண்டு காயங்களையும், டைட்டன்ஸ் அணியிலிருந்து அவர் தாமாகவே விலகியதையும் சேர்த்துத் திருத்தி வெளியிட வேண்டும். கிரௌச் பற்றிய பத்திக்கும் அவ்வாறே, அவரை வேறு இடத்தில் ஆடச் சொல்லி எடுத்தார்கள் என்ற ஒரு வரி போதும். இரண்டாவதாக, 2016-க்கு முன் ஆடியவர்களை அந்தச் சமரசம் ஏன் விட்டுவிட்டது என்பதைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கம் ஒரு முழுக் கட்டுரை வெளியிட வேண்டும். தங்கள் வாசகர்களின் பிள்ளைகள் பலர் இந்த நாட்டுப் பள்ளிகளில் படிக்கிறார்கள், அவர்களில் சிலர் தலைக்கவசம் அணிந்து ஆடத் தொடங்கியும் விட்டார்கள். முழங்கால் பற்றிய பகுதிக்கு உதவி தேவைப்பட்டால், எனக்குத் தெரிந்ததை எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
நார்மன், ஓக்லஹோமா